நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டர்

தம்பி,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை ஒன்பது நாளாக அம்மாவின் போன் வழியாகத்தான் அறிகிறேன். நீ படிக்கிற ஆஹெனில் மழையாம், உனக்குத் தடிமனும் தும்மலுமாம், வருகிற வியாழக்கிழமை வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் நின்று உன் வேலையைப் பற்றிப் பேச வேண்டுமாம். என் போனும் மேசையில்தான் கிடக்கிறது. நீ எடுத்தால் என்ன சொல்வது என்ற பயத்தில் அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதனால்தான் கடிதம். போனில் நீ என்னைவிட வேகம். நான் ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்குள் நீ அதை ஜேர்மனில் சொல்லி முடித்துவிடுவாய். தமிழை வாசிக்கும்போது மட்டும்தான் நீ எழுத்துக் கூட்டி, நின்று நின்று, என்னுடைய நடைக்கு வருவாய். சனிக்கிழமை சனிக்கிழமையாக அழ அழ உன்னைத் தமிழ்ப் பாடசாலைக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இப்படியாவது ஒரு பலன் கிடைக்கட்டும்.

அந்தப் பாடசாலையின் ஆண்டு மலருக்குத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். பல்கலைக்கழகம் போன பிள்ளைக்குப் பெற்றோர் எழுதும் கடிதம் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். "நீங்கள்தான் அண்ணை எழுத வேணும், உங்கட மகன் கம்பியூட்டருக்குக் கண் குடுக்கிற படிப்பெல்லோ படிக்கிறார்" என்றார்கள். பெருமை தலைக்கேறிவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு, ஆட்களை மதித்து நட, எதிலும் நேர்மையாக இரு என்று முக்கால் பக்கம் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் 'நேர்மை' வரைக்கும் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "இஞ்சாருங்கோ, பெடியனுக்குப் பொய்யைச் சொல்லிப்போட்டு அவனுக்கே புத்தி சொல்லுறியளோ?" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுத் தப்பியிருப்பேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீ வாசித்துவிட்டுச் சரி என்றால் மலருக்கும் கொடுப்பேன். வேண்டாம் என்றால் இது உன்னோடு நிற்கட்டும்.

மற்றவர்கள் வாசித்தாலும் விளங்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நீ வீட்டை விட்டுப் போய் ஐந்து வருடமாகிறது. நாங்கள் இருக்கிற எசனிலிருந்து ஆஹென் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. ஆனாலும் நீ வருவது வருடத்துக்கு மூன்று நான்கு தடவைதான். ஒக்டோபரில் வேலைக்கு ஸ்டுட்கார்ட் போகிறாய், இனி அதுவும் குறையும். ஞாயிறு பின்னேரங்களில் உன் போன் வரும். சாப்பிட்டியோ, ஓம் அப்பா, படிப்பு எப்பிடிப் போகுது, பரவாயில்லை அப்பா, சரி, அம்மாட்டைக் குடுக்கிறன். இவ்வளவுதான் நம்முடைய பேச்சு. அதற்குப் பிறகு நீயும் அம்மாவும் முக்கால் மணித்தியாலம் கதைப்பீர்கள். நான் பக்கத்து அறையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அம்மா சொல்கிற பாதியை வைத்து நீ சொல்கிற பாதியை ஊகித்துக்கொண்டிருப்பேன். உனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் நீ கொஞ்சம் சத்தமாகக் கதைத்திருப்பாய்.

போன மாதம் ஒரு ஞாயிறு நீ அம்மாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாய். மாஸ்டர் படிப்பில் ஒரு பாடம் எடுத்திருக்கிறாய் என்றும், கமராவில் பிடித்த படங்களை வைத்துக் கணக்குப் போட்டு அந்த இடத்தின் வடிவத்தைத் திரும்பக் கட்டுகிற பாடம் அது என்றும் சொன்னாய். அதற்கு நீ ஒரு நீளமான ஜேர்மன் பெயர் சொன்னாய். "கேத்திரகணிதமோ?" என்று கேட்டேன். "அது என்ன அப்பா?" என்றாய். உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்த நாள் அது. கோடும் கோணமும் முக்கோணியுமாக, பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒழுங்காக ஓடிய ஒரே பாடம் அதுதான். நீ பொறுமையாக விளங்கப்படுத்தினாய்.

"ஒரு படத்தில இருந்து தூரம் தெரியாது அப்பா. கிட்ட நிக்கிற சின்னப் பிள்ளையும் தூர நிக்கிற பெரிய ஆளும் படத்தில ஒரே அளவாத் தெரியலாம். இன்னொரு இடத்துக்குப் போய் நிண்டு இரண்டாவது படம் எடுக்க வேணும். இரண்டு படத்திலயும் ஒரே மூலையைக் கண்டுபிடிச்சு, இரண்டு இடத்தில இருந்தும் கோடு போட்டா, சந்திக்கிற இடத்தில அந்த மூலை இருக்கு."

"நிண்ட இடத்திலயே நிண்டு பத்துப் படம் எடுத்தா?"

"பிரயோசனமில்லை. ஆள் நடக்க வேணும்."

யாரும் இந்த வேலைக்கென்று எடுக்காத பழைய படங்களைத் தேடி எடுத்து, அதில் உள்ள இடத்தைக் கட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தந்த பயிற்சி. உன்னோடு படிக்கிறவர்கள் பெரிய தேவாலயம், பாலம் என்று எடுத்தார்களாம். நீ நம்முடைய குடும்பப் பட அல்பத்திலிருந்து உன் முதல் பள்ளிக்கூட நாளின் படங்களை எடுத்தாய். பள்ளிக்கூட வாசலின் ஆறு கல் படிகள், பக்கத்தில் இரும்புக் கைப்பிடி, பின்னால் பச்சைக் கதவு, நடுவில் நீல நிறக் கடதாசிக் கூம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீ. ஒன்பது படம். "அப்பா, இதை எடுத்த ஆள் நல்லா நடந்து நடந்து எடுத்திருக்கிறார். இந்தப் பாடம் படிச்ச ஆள் மாதிரி" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தப் புகழை மறுக்காமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை நீ தினமும் எனக்குப் போன் எடுத்தாய். அந்த மூன்று கிழமையும் நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பராமரிப்பு வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் கதவுப் பூட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போதும் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் வைத்துக்கொண்டு கேட்பேன். வடிவம் வந்துவிட்டது, அளவு வரவில்லை என்று ஒரு நாள் சொன்னாய். அந்தப் படிகள் பொம்மை வீட்டுப் படிகளா, ஆறு ஆள் உயரப் படிகளா என்று படங்களுக்குத் தெரியாதாம். "இயல்பொத்த முக்கோணி" என்றேன் நான். உருவம் ஒன்று, அளவு வேறு. நீ அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாய். பிறகு கேட்டாய், "ஒரு உண்மையான நீளம் வேணும் அப்பா. ஒண்டு போதும். படியை அளந்து சொல்லுவீங்களோ?"

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியிலேயே போய் அளந்தேன். ஆறு படியும் சேர்ந்து தொண்ணூற்றொன்பது சென்டிமீட்டர் உயரம். நீ கேட்டு நான் ஒன்றைக் கொடுத்து எத்தனை வருடம் ஆகிவிட்டது. ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அன்றைக்கு முழுவதும் பெரிய உதவி செய்தவன் போலத் திரிந்தேன். அந்த எண் என்னையே காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு நீ கணினித் திரையை எனக்குப் போனில் காட்டினாய். கரும்புள்ளிகளால் ஆன படிகள், கைப்பிடி, கதவு. நீ மட்டும் இல்லை. "நீ எங்க?" என்று கேட்டேன். ஆடாமல் நிற்கிறதைத்தான் கணக்கு எடுக்குமாம், நீ படத்துக்குப் படம் ஆடிக்கொண்டு நின்றதால் பொருந்தாத புள்ளிகள் என்று உன்னைக் கழித்துவிட்டதாம். படிகளுக்கு முன்னால் ஒன்பது சின்னக் கூம்புகள் வரிசையாக மிதந்தன. நுனி பின்னால், வாய் படிகளைப் பார்த்தபடி. "அது என்ன, கச்சான் கடலை சுத்துற கடதாசிச் சரை மாதிரி?" என்றேன். "கமரா நிண்ட இடங்கள் அப்பா. அந்த நுனியிலதான் எடுத்த ஆளின்ர கண் இருந்தது" என்றாய். பிறகு நீ சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"எல்லாம் வடிவா வந்திட்டுது. ஒரு சிக்கல் மட்டும்தான். கண் இருந்த உயரம் நிலத்தில இருந்து நூற்றி நாப்பத்தொரு சென்டிமீட்டர் எண்டு காட்டுது. ஒன்பது படத்திலயும். உங்கட கண் இன்னும் இருபது சென்டிமீட்டர் மேல இருக்க வேணுமெல்லோ. குனிஞ்சு நிண்டோ எடுத்தனீங்கள்?"

"ஓம், ஓம். சின்னப் பிள்ளையைக் குனிஞ்சுதானே எடுக்கிறது."

"ஒன்பது தரமும் ஒரே அளவுக்கோ?"

"ஓமடா. எனக்கென்ன முழங்கால் மடியாதோ?"

"ம்... சரி அப்பா" என்றாய். அம்மாவைக்கூடக் கேட்காமல் வைத்துவிட்டாய். அன்றிலிருந்து உன் போன் என்னிடம் வரவில்லை. மூன்று நாளைக்கு முன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், கணக்கை முதலிலிருந்து திரும்பப் போடுகிறாயாம், எங்கே பிழை என்று பிடிபடவில்லையாம், அப்பா படியை இன்னொருக்கா அளந்து சொல்லுவாரோ என்று. நீ என்னை நம்பி உன் கணக்கைச் சந்தேகிக்கிறாயா, அல்லது உண்மையைச் சொல்ல எனக்கு இன்னொரு சந்தர்ப்பம் தருகிறாயா, எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்றாலும் எனக்கு வெட்கம்தான்.

உன் கணக்குச் சரி. படியின் அளவும் சரி. என் வாய்தான் பிழை. அந்த ஒன்பது படங்களையும் எடுத்தது அம்மா. நூற்று நாற்பத்தொன்று அவளுடைய கண் உயரம். நான் அந்தப் படங்களுக்குப் பின்னால் இல்லை.

எங்கே இருந்தேன் என்பதைச் சொல்ல அந்த நாளுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, முதல் நாள் என்ன என்ன கொண்டுவர வேண்டும் என்று. மெழுகுப் பென்சில், வீட்டுச் செருப்பு, விளையாட்டு உடுப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தேன். அகராதி பார்க்கத் தேவையில்லாத ஒரே சொல் அதில் 'ஷூல்ட்யூட்டே'. ஷூல் என்றால் பள்ளிக்கூடம். ட்யூட்டே என்றால் பை; கடையில் காசு வாங்குகிற பெண் நாள்தோறும் கேட்பாளே, ட்யூட்டே வேணுமோ என்று. ஆகவே பள்ளிக்கூடப் பை. அம்மா சந்தேகப்பட்டாள். "முதுகுப்பை வாங்கிட்டம். பிறகு எதுக்கு இன்னொரு பை?" என்றாள். "உமக்கு டொச் பாஷை தெரியுமோ, எனக்குத் தெரியுமோ?" என்றேன். கடைக்குப் போய்க் கசங்காத புதுப் பிளாஸ்டிக் பையாகப் பார்த்து வாங்கி, கொப்பிகளையும் பென்சில்களையும் செருப்பையும் அடுக்கி, கைப்பிடியில் நூல் கட்டிக் கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் கடையின் பெயர் அதில் பெரிதாக இருந்தது.

பள்ளிக்கூட முற்றத்துக்குள் போனதும் கண்டேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பிள்ளையின் பாதி உயரத்துக்கு ஒரு கடதாசிக் கூம்பு. உள்ளே இனிப்பும் விளையாட்டுச் சாமானும், வாயில் வலைத்துணி கட்டி, பெயர் ஒட்டி, மினுங்க மினுங்க. பள்ளிக்கூட வாழ்க்கை இனிப்பாகத் தொடங்க வேண்டும் என்று இந்த ஊரில் தாய் தகப்பன் கொடுக்கிற பரிசு. கடையில் பை, பள்ளிக்கூடத்தில் கூம்பு. அந்த ஒரு சொல்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று இறுமாந்திருந்தேன். நீ சுற்றிப் பார்த்தாய், உன் கையில் இருந்ததைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "அப்பா, என்ர ட்யூட்டே மட்டும் ஏன் இப்பிடி?" என்று கேட்டாய். நீ அழவில்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டாய். "நான் இப்ப வாறன்" என்று சொல்லி, கழுத்திலிருந்த கமராவை அம்மாவின் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

முதல் கடையில் கூம்பு முடிந்துவிட்டது. இரண்டாவது கடை திறக்கவில்லை. மூன்றாவது கடையில் ஒன்று மிஞ்சியிருந்தது, ரோசா நிறத்தில், சுற்றிலும் குதிரைகள் ஓடுகிற ஒன்று. வேறு வழியில்லை. கைக்கு எட்டிய இனிப்பையெல்லாம் அதற்குள் போட்டுக்கொண்டு திரும்பி ஓடி வந்தேன். தெருவின் எதிர்ப்பக்கம் வந்ததும் உன்னைக் கண்டேன். படியில் நின்றாய். உன் கையில் நீல நிறக் கூம்பு ஒன்று இருந்தது. உன் வகுப்பாசிரியை கொடுத்திருந்தார். என்னைப் போன்ற தகப்பன்மாரை அவர் முன்பும் கண்டிருக்க வேண்டும், மேலதிகமாக ஒன்று செய்து வைத்திருந்தார். நீ சிரித்துக்கொண்டு நின்றாய். நான் தெருவைக் கடக்கவில்லை. எதிரே இருந்த லிண்டன் மரத்தடியில் குதிரைக் கூம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். உன் சிரிப்பைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மற்றத் தகப்பன்மாருக்கு முன்னால் வியர்வையோடும் அந்தக் குதிரைகளோடும் வந்து நிற்க எனக்கு ஏலவில்லை, அவ்வளவுதான். நீங்கள் உள்ளே போகும் வரைக்கும் நின்றுவிட்டு, அப்படியே ரெஸ்ரோறன்ற் வேலைக்குப் போய்விட்டேன். அந்தக் கூம்பை அங்கே என்னோடு பாத்திரம் கழுவியவருக்குக் கொடுத்தேன். அடுத்த வருடம் அவருடைய மகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க இருந்தது.

அம்மாவிடம் கடையெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை, நேரமாகிவிட்டது, நேரே வேலைக்குப் போனேன் என்று சொன்னேன். அவள் நம்பினாள். நீ மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது அல்பத்தைப் புரட்டிக்கொண்டு, "இதில அப்பா ஏன் இல்லை?" என்று கேட்டாய். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள், "படத்தில எப்பிடி இருப்பார்? படம் எடுத்ததே அவர்தானே." எனக்காகச் சொன்ன பொய். ஆறு வயதில் நீ அந்த நீலக் கூம்பைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை, அதனால் அப்படியே ஏற்றுக்கொண்டாய். உனக்கு அது எவ்வளவு பிடித்துப்போனது என்றால், பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, "என் அப்பா எந்தப் படத்திலும் இல்லை, ஏனென்றால் எல்லாப் படத்தையும் அவர்தான் பார்க்கிறார்" என்று எழுதினாய். அந்தக் கொப்பியை வாசித்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ரெஸ்ரோறன்ற் சமையலறையில் நின்றே உன் சின்ன வயதைத் தவறவிட்டவன் நான். கமராவுக்குப் பின்னால் ஒரு இடம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். எசனில் தமிழ் ஆட்கள் என்னை ஏன் 'ட்யூட்டே அண்ணை' என்று கூப்பிடுகிறார்கள் என்று நீ எத்தனையோ தரம் கேட்டாய். நான் எப்போதும் கையில் பையோடு திரிவதால் என்று சொன்னேன். அதுவும் பொய். ஒவ்வொரு கோடையிலும் பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்குகிற வீடு வீடாகப் போன் எடுத்து, "ஷூல்ட்யூட்டே எண்டால் பை இல்லை, கூம்பு. இப்பவே வாங்கி வையுங்கோ, பிறகு முடிஞ்சிடும்" என்று சொல்கிறவன் நான். பத்தொன்பது வருடமாகச் சொல்கிறேன். பகிடி பண்ணுகிறார்கள், பண்ணட்டும். ஒரு தமிழ்ப் பிள்ளையும் அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையோடு போகவில்லை.

மற்றப் படங்களைத் தோண்டாதே என்று கேட்க வாய் வருகிறது. கேட்க மாட்டேன், தோண்டு. நீ நீந்தப் பழகித் துணிச் சின்னம் வாங்கிய படம் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தது, நான் வேலையில். மிருகக்காட்சிச் சாலை நான்தான். உன் எட்டாவது பிறந்தநாளும் நான்தான். எல்லாப் படத்திலும் மூலையில் என் பெருவிரல் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க உனக்குக் கேத்திரகணிதம் தேவையில்லை. நீ ஆஹெனுக்குப் பெட்டி கட்டிய நாளில் ரயில் மேடையில் எடுத்தது அம்மா. நான் அன்றைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் கமராவை வாங்காமல் உன் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

வியாழக்கிழமை நீ எழுந்து நின்று பேசும்போது படங்களை எடுத்தவர் அம்மா என்று சொல். நூற்று நாற்பத்தொன்றை யாருக்காகவும் மாற்றாதே, அப்பாவுக்காகவும் மாற்றாதே. அந்த ஒன்பது கூம்புகளும் ஏன் படிக்கு நேரே தொடங்கி ஒவ்வொன்றாக முற்றத்து வாசல் கேற்றுப் பக்கம் நகர்கின்றன என்று யாராவது கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. நேற்று அம்மாவிடம் கேட்டேன். "உங்களைத்தானே தேடினனான். இஞ்சால ஒருக்கா வந்து எட்டிப் பாப்பன், ஒரு படம் எடுப்பன். பிறகு இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பன். பிள்ளைக்கு நான் உங்களைத் தேடுறது தெரியக்கூடாதெண்டு படம் எடுக்கிற மாதிரி நிண்டனான்" என்றாள். நீ புகழ்ந்தாயே, நடந்து நடந்து எடுத்திருக்கிறார் என்று. அந்த நடை அதுதான். அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் உனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

அப்போதுதான் அவளிடம் மரத்தைப் பற்றியும் சொன்னேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அவ்வளவு கிட்டவோ நிண்டனீங்கள்?" என்றாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன், படவில்லை. திரும்பவும் கீரையை எடுத்துக்கொண்டு, "பெடியன் படியை அளக்கச் சொன்னவனெல்லோ. போறதுதான் போறியள், அதையும் அளந்து எழுதி விடுங்கோ" என்றாள்.

இன்று காலை வேலையிடத்து நீள நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். படி மாறவில்லை, அதே தொண்ணூற்றொன்பது. நாடாவை இழுக்கத் தொடங்கியதும் பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் வந்து, இங்கே என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார். நானும் அதே தொழில்தான் என்றேன், முகம் கொஞ்சம் இளகியது. மகனுக்காக என்றேன். மகன் இங்கே படிக்கிறானா என்று கேட்டார். படித்தான், இப்போது பெரிய ஆள் என்றேன். எதிலிருந்து எதுவரை என்று கேட்டார். கீழ்ப்படியிலிருந்து அந்த மரம்வரை என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல் நாடாவின் நுனியைப் படியில் அழுத்திப் பிடித்தார். நான் கேற்றைத் தாண்டி, ஒரு கார் போகும்வரை பொறுத்து, தெருவைக் கடந்து போனேன். அன்றைக்குக் கடக்காத தெரு அது. எட்டு ஒன்பது காலடியில் முடிந்துவிட்டது.

அம்மா உன்னை ஒன்று கேட்கச் சொன்னாள், நானும் கேட்கிறேன். வியாழக்கிழமைக்குப் பிறகு, ஸ்டுட்கார்ட் போவதற்கு முதல், ஒரு தரம் வீட்டுக்கு வா. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, கோபத்தோடு வா. உன்னைக் காண வேண்டும் போல இருக்கிறது. இதை இப்படி எழுதிச் சொல்ல எனக்கு இவ்வளவு வயதாகிவிட்டது.

உன் வேலையில் நீ இல்லை, ஆடியதால் கழிபட்டாய். நானும் இல்லை, படம் எடுக்காததால். உன் பேராசிரியருக்குக் காட்ட வேண்டாம், உன்னிடம் இருக்கிற பிரதியில் மட்டும் பத்தாவதாக ஒரு கூம்பு வை. கீழ்ப்படியிலிருந்து முப்பத்தொரு மீட்டர் நாற்பது, லிண்டன் மரத்துக்கு இடது பக்கம், வாய் உன் பக்கம் பார்த்தபடி. நுனியின் உயரம் நூற்று அறுபத்திரண்டு. நான் குனியவில்லை, தம்பி. நிமிர்ந்து நின்று உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா